ஒரு ராத்திரிக்குத்தானே மாமா!

வா மருமகனே, வா. முதலாளியை வெயில்ல நிக்க வைக்கலாமா? திண்ணையில ஏறி உக்காரு. அல்வாப் பொட்டலத்தைக் கண்டதுமே எனக்கு விசயம் விளங்கிருச்சு. பட்டாசுக் கடைக்கு லைசன்ஸ் வந்தாச்சு. நாளைக்குச் சாயங்காலம் லோடு வருது. கடைக்கு ஷட்டர் மாட்டி முடியல. அதனால சரக்கை வீட்டு மாடியில ஏத்தப்போறே. ஏம்ப்பான்னு கேட்டா, "ஒரு ராத்திரிக்குத்தானே மாமா"ங்கிறே.

அருமையான யோசனை. வீடு கட்டும்போது மாடிப்படிக்குக் கீழ ஒரு பொந்து விட்டுக் கட்டினாங்களே, அது எதுக்குன்னு இத்தனை நாளா எனக்குப் புரியல. இப்பல்ல தெரியுது. புஸ்வாணத்தை மாடியில அடுக்கு. சக்கரத்தைப் படிக்கட்டுக்குக் கீழ தள்ளு. கம்பி மத்தாப்பை கேஸ் சிலிண்டருக்குத் துணையா வை, பாவம் அது தனியாக் கெடக்கு. முறுக்குச் சுடுற நேரமாப் பாத்து லோடை இறக்கினா, நம்ம தெருவுக்கு மட்டும் தீபாவளி பத்து நாள் முந்தியே வந்துரும்.

கோவிச்சுக்காதே. லைசன்ஸை லாமினேசன் பண்ணி மாட்டியிருக்கியாமே, அதோட நிபந்தனைகளைப் படிச்சியா? படிச்சிருக்கமாட்டே. மாலை போட்ட படத்தை யாரு திருப்பிப் பாப்பா! நான் சொல்றேன் கேளு. நிரந்தரப் பட்டாசுக் கடைன்னா செங்கல், கல்லு, காங்கிரீட்டுல கட்டியிருக்கணும். தரைத்தளத்துல இருக்கணும். நிலவறை ஆகாது, நடுத்தட்டும் ஆகாது. மத்த எடத்துக்கும் கடைக்கும் நடுவுல கெட்டியான சுவரு வேணும். போக்குவரத்துக்கு வெளிய இருந்து தனி வாசல் வேணும். அளவு 9 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, 25-க்கு மேல போகக்கூடாது. குறையக்கூடாதுன்னு சொன்னது சரி, கூடக்கூடாதுன்னு ஏன் சொன்னான்? 2008-ல அந்த விதியை எழுதினவனுக்கு வியாபாரியைத் தெரியும் மருமகனே. எடம் இருந்தா நெரப்புவான். அதனால எடத்தையே சுருக்கிட்டான்.

தற்காலிகக் கடைன்னா அதுக்கு வேற கணக்கு. தீப்பிடிக்காத தகரத்துல ஷெட்டு. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி. ஒண்ணுக்கொண்ணு வாசல் பாத்து நிக்கக்கூடாது. ஒரே எடத்துல 50 கடைக்கு மேல கூடாது. பள்ளிக்கூடம், வீடு மாதிரி எடத்துல இருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும். அரிக்கேன் விளக்கு, பெட்ரோமாக்ஸ் உள்ளே வரப்படாது. நீ என்னடான்னா எதுக்க நிக்கிற கடைக்காரனைப் பாத்துக்கிட்டே வியாபாரம் பண்ணணும், அவன் வெலையைத் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படுறே. அவன் கடையில பத்துனா அந்தத் தீயும் ஒன் கடையை நேருக்கு நேராத்தான் பாக்கும்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே மாமா"ங்காதே. 2023 ஜூலை 29, கிருஷ்ணகிரி பழையபேட்டை. ஊருக்குள்ள இருந்த பட்டாசுக் கிடங்கு வெடிச்சு 9 பேரு போனாங்க. பக்கத்துக் கட்டடமும் சேந்து சரிஞ்சுது. பட்டாசு வாங்காதவனும் பலி. அதே வருசம் அக்டோபர் 7, ஓசூரைத் தாண்டினதும் இருக்கிற அத்திப்பள்ளி. தீபாவளிச் சரக்கு லாரியில இருந்து இறங்கிக்கிட்டு இருந்த நேரம். பதினாலு பேருக்கு மேல. பண்டிகைச் செலவுக்கு நாலு காசு பாக்கலாம்னு நம்ம பக்கத்துல இருந்து போன சின்னப் பயலுக அதுல இருந்தாங்க. அங்கயும் சரக்கு வந்து ரொம்ப நேரம் ஆகல. ஒனக்கு ஒரு ராத்திரி வேணும்ங்கிறே. அந்தத் தீக்கு ஒரு ராத்திரிகூடத் தேவைப்படல.

சரி, அந்தத் தீப்பெட்டியை எடு. பீடிக்கு இல்ல, ஒனக்குப் பாடம் எடுக்க. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில இருந்து கல்கத்தாவுக்குப் போய் இந்த வித்தையைக் கத்துக்கிட்டு வந்தாங்க. மழை இல்லாத கரிசக்காட்டுல அதுதான் பிறகு வெள்ளாமை ஆச்சு. குச்சித் தலையில இருக்கிறது பொட்டாசியம் குளோரேட்டு. பெட்டியோட பக்கப் பட்டையில இருக்கிறது சிவப்புப் பாஸ்பரஸ். ரெண்டும் ஒரே பெட்டியிலதான் இருக்கு, ஆனா ஒண்ணை ஒண்ணு தொடல. நீ வேணும்னு உரசினாத்தான் பத்தும். அதுக்கு முந்தி எல்லாத்தையும் குச்சித் தலையிலயே வச்சிருந்தாங்க, அதுவும் வெள்ளைப் பாஸ்பரஸ். சட்டைப் பையிலயே பத்திக்கிடும். அதைச் செஞ்சவுகளுக்குத் தாடை எலும்பு அழுகிப்போகும். சுவீடன்காரன் ரெண்டையும் பிரிச்சு வச்சான், அம்புட்டுதான் கண்டுபிடிப்பு. பிரிச்சு வைக்கிறதுக்கு ஒரு பெட்டி போதும்னு காட்டினான். நீ நாலு ரூமு வச்சுக்கிட்டுப் பிரிக்கமாட்டேங்கிறே. பிரிக்காட்டி என்ன ஆகும்னு பாக்கணுமா? அந்தக் குளோரேட்டையும் சிவப்புப் பாஸ்பரஸையும் சேத்துத் தாளுல ஒட்டினா அதுதான் பயலுக துப்பாக்கியில போடுற சுருள் கேப்பு. ஒரு பொட்டு மருந்துக்கே அந்தச் சத்தம். ஒரு சட்டி மருந்து எப்படி இருக்கும்னு ரோசனை பண்ணிக்க.

அதே குளோரேட்டுக்கும் கந்தகத்துக்கும் ஆகவே ஆகாது. சண்டை போட்ட ரெண்டு சம்பந்திகளை ஒரே பந்தியில உக்கார வச்சுட்டு, சாம்பாரை மட்டும் சூடாப் பரிமாறினதுபோல. 1992-ல இருந்து பட்டாசுல அந்தக் கலவைக்கே தடை. தீப்பெட்டிக் குச்சி மாதிரி ஒண்ணு ரெண்டுக்குத்தான் விலக்கு. இப்படி ஒண்ணோட ஒண்ணு சேந்துறக்கூடாதுன்னுதான் வெடியுப்பு ஒரு அறை, கந்தகம் ஒரு அறை, அலுமினியப் பொடி ஒரு அறைன்னு வைக்கிறது. "மூட்டை கட்டித்தானே இருக்கு"ம்பே. மூட்டையை எலி கடிக்கும் மருமகனே. அதைவிடப் பெரிய எலி நம்மாளுதான். எல்லா மூட்டைக்கும் ஒரே அகப்பையைப் போட்டு அள்ளுவான். ரெண்டு அறை வாடகை மிச்சம், ரெண்டு அகப்பை வெல மிச்சம்.

இதெல்லாம் எதுக்கு ஒனக்குச் சொல்றேன்? கடையோட நிக்காம, பட்டாசு செய்ற வெடி ஆபீஸ்ல ரெண்டு ரூமு உள்குத்தகைக்கு எடுக்க அட்வான்ஸ் குடுத்துட்டேன்னு ஊரெல்லாம் பேச்சு. நெசமா? சிரிக்காதே. சிரிச்சா நெசம்தான்.

எனக்கு அந்த ஆபீஸைத் தெரியும். காலமெல்லாம் போர்மேன் வேலை பாத்தவன் நான், அங்கயும் கொஞ்ச நாள் இருந்திருக்கேன். நாக்பூர்ல இருந்து வாங்கின வெடிபொருள் லைசன்ஸ் ஒருத்தர் பேருல. வேலை நடக்கிறது பத்துப் பேரு பேருல. ரூமுக்கு ஒரு முதலாளி, மரத்துக்கு ஒரு முதலாளி. சட்டப்படி மருந்து ரூமுல 4 பேருக்கு மேல உக்காரக்கூடாது. ஒரு ரூமுக்கும் இன்னொரு ரூமுக்கும் இவ்வளவு தூரம்னு அளந்து வச்சிருக்கு. ஒரு ரூமு போனாலும் அடுத்த ரூமு நிக்கட்டும்னு. சட்டம் ரூமைத்தானே சொல்லுது, வேப்பமரத்தைச் சொல்லலையேன்னு மரத்தடியில பத்துப் பதினஞ்சு பொம்பளைகளை உக்கார வச்சு மருந்து அடைக்கிறது. கேட்டா, "காத்தோட்டமா இருக்கு அண்ணாச்சி". காத்தோட்டத்துக்கு என்ன குறைச்சல், தீப்பொறிக்கும் அதே காத்துதான். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சன்குளம். இருவது பேருக்கு மேல போனாங்க. அப்பவும் உள்குத்தகைப் பேச்சுத்தான் பேப்பர் பூராவும். ஒருத்தன் லைசன்ஸுல பத்துப் பேரு வேலை பாத்தா, யாரு ரூமுல எவ்வளவு மருந்து கெடக்குன்னு யாருக்கும் தெரியாது. எல்லாரும் முதலாளி, பொறுப்பாளி எவனும் இல்ல.

மருந்து கலக்குறதைப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னும் ஒனக்குத் தெரியாது, அதுதான் எனக்குப் பயம். காலையில வெயில் ஏறுமுன்ன, அன்னைக்குத் தேவையானதை மட்டும் கலக்கணும். சாயங்காலம் சட்டியில ஒரு சிட்டிகை தங்கப்படாது. தங்கினா என்ன? வெடியுப்போ, பச்சை உப்புங்கிற பேரியம் நைட்ரேட்டோ, அதுல அலுமினியப் பொடி சேந்திருக்கு. ராத்திரி மழைச்சாரல் அடிக்குது. ஈரம் பட்டதும் அது உள்ளுக்குள்ளயே வேலையை ஆரம்பிச்சுரும். கொஞ்சங் கொஞ்சமாச் சூடு ஏறும், மூக்கைத் துளைக்கிற அமோனியா நெடி வரும். வெளிய பாத்தா குளுந்துபோய்க் கெடக்கிற மாதிரி இருக்கும். விடியுமுன்ன ஆளே இல்லாத ரூமு டமார்னு போகும். பூட்டின ரூமு எப்படி வெடிக்கும், காத்துக்கருப்புதான்னு மறுநாள் சேவலோட வருவாங்க. பேய்க்கு வேற வேலை இல்லையா? முந்தின நாள் மிச்சம் வச்ச மருந்துதான் அந்தப் பேய். தண்ணி தீயை அணைக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. அலுமினியப் பொடி அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கல. அது பத்துனா காஞ்ச மணலைத்தான் கொட்டணும்.

இன்னொண்ணு, ஒன் சட்டை. பளபளன்னு நல்லாத்தான் இருக்கு, பாலியெஸ்டர்தானே? அதைப் போட்டுக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள போகாதே. கழட்டும்போது சடசடன்னு முடி நட்டுக்குமே, அந்தக் கரண்டு போதும். அதுக்குத்தான் நூல் சீலை, நூல் சட்டை, தரையில ரப்பர் பாய், உள்ள நுழையுமுன்ன தொட்டுட்டுப் போகச் செம்புத் தகடு. இரும்பு உளி, இரும்புச் சுத்தி ஆகாது. மரம், பித்தளை. ஆணி அடிச்ச செருப்பு வாசலோட சரி. செம்புத் தகட்டைத் தொடச் சொன்னா, "சாமியா அது, தொட்டுக் கும்பிட"ன்னு ஒருத்தன் என்கிட்டயே கேட்டான். அப்ப தொட்டுக் கும்பிடு, ஒண்ணும் குறைஞ்சுபோகமாட்டேன்னேன். அன்னையில இருந்து கன்னத்துலயும் போட்டுக்கிட்டான். வேலை நடந்தாச் சரி.

பேப்பர்ல படிக்கிறியே, ஒவ்வொரு தடவையும் ஒரே செய்தி: மருந்துக் கலவையில ஏற்பட்ட உராய்வு காரணமா விபத்து. உராய்வைப் புடிச்சு உள்ள வைக்க முடியுதா? அதுக்கு ஊரு இல்ல, பேரு இல்ல, ஜாமீனும் வேண்டாம். நல்ல கைதி. நாலு பேரு உக்கார்ற ரூமுல பத்துப் பேரை நெருக்கி உக்கார வச்சா முழங்கையும் முழங்கையும் உராயத்தான் செய்யும். அந்த உராய்வை யாரும் எழுதமாட்டாங்க.

மருந்து பொல்லாததுன்னு ஊரு சொல்லுது. நான் அதோட பொழைச்சவன், எனக்கு அது அப்படித் தெரியல. கணக்குக்கு மேல இருந்தா, நேரத்துக்கு மேல இருந்தா, ஆகாத பக்கத்துல இருந்தா அது பொல்லாதது. இல்லாட்டி, அதுபாட்டுக்குக் கெடக்கும்.

கெடக்கும்னு சொன்னதும் ஞாபகம் வருது. லெபனான்ல பெய்ரூட்டுன்னு ஒரு ஊரு. 2013-ல அம்மோனியம் நைட்ரேட்டு ஏத்திக்கிட்டு வந்த கப்பல் அங்க மாட்டிக்கிச்சு. 2,750 டன். துறைமுகக் கிடங்குல இறக்கிப் போட்டாங்க. கோர்ட்டு, கடுதாசி, அந்த ஆபீஸ் இந்த ஆபீஸ்னு வருசம் ஓடிருச்சு. இப்போதைக்கு இருக்கட்டும்னு வச்ச சரக்கு. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி கிடங்குல தீப்பிடிச்சு, இருநூறு பேருக்கு மேல போயி, பாதி ஊரு நொறுங்கிருச்சு. அதை டிவியில பாத்துட்டு நம்ம சென்னையில ஒருத்தருக்கொருத்தர் முழிச்சாங்க. ஏன்னா 2015-ல சுங்கத்துறை புடிச்ச அதே உப்பு சுமார் 700 டன் மணலிக் கிடங்குல கெடந்துச்சு. பெய்ரூட்டு வெடிச்ச பிறகுதான் அதுக்குக் கால் மொளைச்சு ஐதராபாத் கெளம்புச்சு. ஒன் ஒரு ராத்திரியும் இப்படித்தான் மருமகனே. நாளைக்கு ஷட்டர்க்காரன் வரமாட்டான். மறுநாள் அமாவாசைம்பான். அடுத்த நாள் வெல்டிங் மெசினு ரிப்பேரும்பான். வெல்டிங்குன்னதும் ஞாபகம், சரக்கை உள்ள வச்சுக்கிட்டே ஷட்டரை வெல்டிங் பண்ணச் சொல்லிராதே. அந்தத் திறமையும் ஒனக்கு உண்டு.

பாதுகாப்பெல்லாம் பக்காவா இருக்குங்கிறே. நேத்துப் பாத்தேன் ஒன் பாதுகாப்பை. சிவப்புப் பெயிண்டு அடிச்ச நாலு வாளி. அந்த வாளிக்கு அடி உருண்டையா ஏன் இருக்கு தெரியுமா? தரையில நிக்கக்கூடாதுன்னுதான். நின்னா நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிருவே. கொக்கியில மட்டும்தான் தொங்கணும், தீக்கு மட்டும்தான் ஆகணும்னு ஒருத்தன் மூளையக் கசக்கிச் செஞ்சான். நம்மாளு என்ன செஞ்சான்? பிரிமணை சுத்தி உக்கார வச்சுட்டான். ஒன் கடையில மூணு வாளி பிரிமணையில உக்காந்திருக்கு. ஒண்ணுல சிமெண்டுப் பால், ஒண்ணுல வெத்தலை எச்சி, ஒண்ணுல கோழி அடைகாக்குது. நாலாவதைக் காணோம்.

தீயணைப்பான் ஒண்ணு கதவுக்குப் பின்னால தொங்குது. முருகன் காலண்டர் போட்டு மறைச்சு வச்சிருக்கே, கண்ணு பட்டுரும்னா? முள்ளு பச்சையில நிக்குதான்னு பாத்தியா? பாத்திருக்கமாட்டே, முருகன் மறைக்கிறாருல்ல. உள்ள பவுடரு கட்டி தட்டிப்போயி எத்தனை தீபாவளி ஆச்சோ. ஊசியைப் புடுங்கு, தீயோட அடிப்பக்கம் பாத்து அமுக்கு, அப்படியே இடவலமா வீசுன்னு வேலைக்கு வச்சிருக்கிற பயலுக்குச் சொல்லிக் குடுத்தியா? அவனுக்கு அது மிசினு, தொட்டா மொதலாளி திட்டுவாரு.

ஆயுதபூசைக்குக் கிடங்கு வாசல்ல சூடம் கொளுத்தி, பூசணிக்காய்க்குள்ளயும் சூடத்தை வச்சு, ஊதுபத்தியை அட்டைப்பெட்டி இடுக்குல செருகி நிக்க வைக்கிறீங்களே, அது எந்த ஆகமத்துல இருக்கு? சூடம் காட்டணும்னா கோயிலுக்குப் போயிக் காட்டு. அங்க சாமி கல்லு, பத்தாது.

சரவெடி எவ்வளவு வாங்கியிருக்கே? வாயை மூடிக்கிட்டே, அப்ப வாங்கியிருக்கே. 2018-லயே சுப்ரீம் கோர்ட்டு சரவெடியும் வேண்டாம், பச்சை உப்பும் வேண்டாம்னு சொல்லியாச்சு. அதைப் போலீஸு ஒனக்கு வெவரமாச் சொல்லும், நான் எதுக்கு.

இது ஒண்ணை மட்டும் கேலியில்லாமக் கேளு. அட்டைப்பெட்டியில, தாளுல சின்னதாப் பத்துனா தண்ணியோ மணலோ ஊத்து, அணை. மருந்துல பத்திக்கிச்சுன்னா அணைக்க நிக்காதே. மத்த தீக்குக் காத்து வேணும், சாக்கைப் போட்டு மூடினா மூச்சு முட்டிச் செத்துரும். மருந்துல இருக்கிற உப்பு காத்தை உள்ளுக்குள்ளயே வச்சிருக்கு. நீ எத்தனை ஈரச்சாக்கு போட்டாலும் அது பாட்டுக்கு எரியும். அப்ப வீரம் எதுல இருக்குன்னா கால்ல. காத்து வர்ற பக்கமா ஓடு. கதவு வெளிப்பக்கமாத் தொறக்கணும், வாசல்ல பெட்டி அடுக்கியிருக்கக்கூடாது. ஓடினவன் மறுபடி பணப்பெட்டிக்கு உள்ள போகப்படாது. தூரமாப் போயி 101-க்குப் போன் போட்டு, உள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு உள்ளதை உள்ளபடி சொல்லு. அப்பவாவது கணக்கைக் குறைச்சுச் சொல்லாதே. வர்ற தீயணைப்புக்காரனும் ஒரு அம்மா பெத்த புள்ளை.

2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில ஒரு வெடி ஆபீஸ். நாப்பது பேருகிட்ட போனாங்க. அதுல பலபேரு அந்த ஆபீஸ்ல வேலை பாத்தவுக இல்ல. மொத வெடிச் சத்தம் கேட்டு, பொகையைப் பாத்து, யாராவது மாட்டிக்கிட்டாங்களான்னு சுத்துவட்டாரத்துல இருந்து ஓடிப்போனவுக. நல்ல மனசோட போனவுக. ரெண்டாவது தடவை வெடிச்சப்ப அவுக பக்கத்துல நின்னாங்க. அதனால தீயைப் பாத்தா வேடிக்கைக்குக் கூட்டம் சேர விடாதே. ஒன்னைக் காப்பாத்த நானே ஓடிவந்தாலும் விரட்டி விடு.

சரி, அல்வாவைப் பிரி. தின்னுட்டு லாரிக்காரனுக்குப் போன் போடு. லோடு அனுப்புற கிடங்குலயே ரெண்டு நாள் இருக்கட்டும், வாடகை கேப்பான், குடு. ஷட்டர்க்காரனை இன்னைக்கே நான் போயிக் கூட்டியாறேன், அவன் அப்பன் என்கிட்ட வேலை பாத்தவன். கூலிக்குப் பயந்துக்காதே.

அந்த உள்குத்தகை அட்வான்ஸை நாளைக்குத் திருப்பி வாங்கிருவோம். அந்த லைசன்ஸ்காரரு தரமாட்டாருங்கிறியா? தருவாரு. போர்மேனா இருந்தப்ப ஒரு பழக்கம் எனக்கு. எந்த ரூமுல எத்தனை பேரு, எவ்வளவு மருந்து, சாயங்காலம் எவ்வளவு மிச்சம்னு தெனமும் ஒரு நீலநிற நோட்டுல எழுதி வச்சிருவேன். அவரு ஆபீஸ்ல இருந்த நாளும் அதுல இருக்கு, மரத்தடிக் கணக்கும் இருக்கு. நீதான் பேசணும், நான் வாயே தொறக்கமாட்டேன். அந்த நோட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அவரு எதுக்க பெஞ்சுல சும்மா உக்காந்திருப்பேன்.